ஞாயித்துக்கெழம வரைக்கும் ஓடக்கூடாது

இல்லீங்க மேஸ்திரி, டீயெல்லாம் வாணாம். கையில இருக்கற ஸ்பேனர கீழ வச்சிட்டு நான் சொல்றத காது குடுத்து கேட்டீங்கன்னா அதுவே போதும். இன்னும் கொஞ்ச நேரத்துல எம்புள்ள பழனி உங்களத் தேடிகினு வருவான். இல்லன்னா அவன் சிநேகிதன் ராமதாஸ சைக்கிள்ல அனுப்புவான். காரு ஸ்டார்ட்டே ஆவல, ஜல்தி வாங்கன்னு கூப்புடுவான். நீங்க போவக்கூடாது. போனாலும் கோளாறு இன்னான்னு கண்டுபுடிக்கக் கூடாது. மெட்ராஸ்ல இருந்து சாமான் வரணும், ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவாதுன்னு சொல்லிடுங்க. இந்த ஒரு வார்த்தைக்காண்டிதான் செருப்பு கூட போடாம இந்த வெயில்ல ஓடியாந்தேன்.

ஆமாங்க, நேத்து நல்லாத்தான் இருந்துது. நான் இல்லன்னு சொல்லலியே. ரெண்டு கார்புரேட்டருக்கும் மாத்தி மாத்தி ரப்பர் குழாய வச்சி, இன்னொரு முனைய காதுல வச்சிகினு, இது மூச்சு ஜாஸ்தி இழுக்குது, அது கம்மியா இழுக்குதுன்னு திருகித் திருகி நீங்க சரி பண்ணத நான் ஜன்னலாண்ட நின்னு பாத்துகினுதானே இருந்தேன். கடைசியில நல்ல நெசவுக்காரன் தறியில உக்காந்த மாதிரி ஒரே தாளமா ஓடிச்சி. பழனி உங்க கையப் புடிச்சி கண்ணுல ஒத்திகினான். நான் ஜன்னல சாத்திட்டேன்.

நேத்து ஓடின வண்டி இன்னிக்கு எப்படி ஓடாம போவும்னு கேக்கறீங்க. ஓடாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னா, அத அப்பால சொல்றேன். மொதல்ல நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

பொய் சொல்ல மாட்டீங்களா? நல்லது. நீங்க அப்படிச் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சிதான் வழியெல்லாம் யோசன பண்ணிகினு வந்தேன். ஓடற வண்டிய ஓடாதுன்னு நான் சொல்லச் சொல்லலியே. ஓடாத வண்டியத்தானே ஓடாதுன்னு சொல்லச் சொல்றேன்? ஓடாத வண்டி யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மான்னு நீங்கதான் ஒரு நாளு சொன்னீங்க. சும்மா பேச்சுவாக்குல சொல்லியிருப்பீங்க. எனக்கு அது சாமி வாக்கு மாதிரி ஆயிடுச்சி.

உங்களுக்கு அது வண்டி, மேஸ்திரி. நீங்க அத தொடறதப் பாத்தாலே தெரியும், பெத்த புள்ளையத் தொடற மாதிரி தொடறீங்க. ஊருல எல்லாருக்கும் அது வேடிக்க. முட்டைக் கண்ணாட்டம் ரெண்டு லைட்ட வச்சிகினு இருக்குதுன்னு சொல்லி தவள, தவளன்னு கூப்புடுறாங்க. எனக்கு மட்டும்தான் அது எமன். எங்க வூட்டுக்காரரு எமர்ஜென்சி வந்த வருசம் அத மெட்ராஸ்ல இருந்து ஓட்டிகினு வந்தாரு. ஊருக்குத் திரும்பிப் போற வெள்ளக்காரன் ஒருத்தன் வித்துட்டுப் போனான். பட்டு யாவாரிக்கு எதுக்குங்க அது? மேல கூரை கெடையாது, ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாது, ஒரு பொடவ மூட்டை வெக்க எடம் கெடையாது. கேட்டா, பாக்க அழகா இருந்துது அபிதகுசாம்பா, வாங்கிட்டேன்னு சிரிக்கறாரு. அந்த மனுசன் அத ஓட்டினது ரெண்டு தபா படவேட்டு கோயிலுக்கு. அதோட நெஞ்சுவலி வந்து போயி சேந்துட்டாரு. போவறப்ப யாவாரத்த என் தலையில கட்டினாரு, சாவிய புள்ள கையில குடுத்தாரு.

அவன் நல்ல புள்ளங்க. அத நான் எங்க வேணா சொல்லுவேன். சிகரெட்டு கெடையாது, சாராயம் கெடையாது. என்ன எதுத்து ஒரு பேச்சு பேச மாட்டான். அந்த ஸ்டீரிங்க புடிச்சாத்தான் அவனுக்கு யாரு மேலயோ ஆவேசம் வந்த மாதிரி ஆயிடுது.

மார்கழியில ஒரு நாளு, சனிக்கெழமையாச்சே, தலைக்கு எண்ண வச்சி வுடலாம்னு உக்கார வச்சேன். முடிய வகுந்தா உள்ள எல்லாம் கண்ணாடித் தூளு. கல்கண்டு ஒடச்சிப் போட்ட மாதிரி. இன்னாடா இதுன்னா, கடையில பாட்டில் ஒடஞ்சி தெறிச்சிதும்மான்றான். தலையில தெறிக்கற மாதிரி எவன்டா பாட்டில ஒடப்பான்? ராமதாஸக் கூப்ட்டு வச்சி அதட்டினேன். அவன் அழுவாத கொறையா சொன்னான். போளூரு ரோட்டு வளைவுல வண்டி ரோட்ட வுட்டு எறங்கி கருவேலம் பொதருக்குள்ள பாஞ்சிதாம். முன்னாடி கண்ணாடி ஒடஞ்சி இவன் தலமேல கொட்டிச்சாம். அந்தப் பொதரு இல்லன்னா அப்பால கெணறாம். சுத்துச் சுவரு இல்லாத கெணறு மேஸ்திரி.

கண்ணாடிய மாத்தினது நீங்கதானே? கல்லு பட்டுதுன்னு சொன்னானா? சொல்லுவான். இல்லீங்க, உங்களக் குத்தம் சொல்லல. இப்ப அந்தக் கண்ணாடியும் இல்ல. ஞாயித்துக்கெழம ரேஸுக்குப் பாரம் கொறையணுமாம். முன்னாடி பம்பர கழட்டிட்டான், ஸ்டெப்னிய கழட்டிட்டான், பக்கத்து சீட்ட கழட்டிட்டான். கைபிரேக்க கூட போன வாரம் கழட்டி மூலையில போட்டுட்டான். ரேஸுல எதுக்கும்மா கைபிரேக்கு, அங்க என்ன வண்டிய நிறுத்தி வச்சிட்டு கடைக்கா போவப் போறேன்னு கேக்கறான்.

சோழவரத்துல ஏரோப்ளேனு எறங்கறதுக்குப் போட்ட ரோடாமே. அதுல சுத்திச் சுத்தி வரணுமாம். ஞாயித்துக்கெழம அம்மா நீயும் வந்து பாரும்மான்னு கூப்புடுறான். எப்படி ஓட்டுவேன்னு சோத்துத் தட்டுல வெரலால கோடு போட்டு காட்டறான். வளைவு வரும், அங்க பயந்துகினு பிரேக் போடறவன் தோத்தான், போடாம திரும்பறவன் ஜெயிச்சான்னான். இப்ப நம்ம தெருவுலயே அப்படித்தான் பழகறான். தெருமுனை வரைக்கும் வேகத்த கியரிலயே கொறச்சிகினு வந்து, பிரேக்குல காலே வெக்காம சர்ருன்னு மெயின் ரோட்டுக்குத் திரும்பிடறான். தெருவுல நூல நீட்டி பாவு போட்டுகினு இருக்கறவங்க எல்லாம் கஞ்சி தடவற பிரஷ எடுத்துகினு சுவத்தோரமா ஒட்டிக்கறாங்க.

தடுக்கலியான்னு கேக்காதீங்க. தண்ணி பல்லுல படாம கெடந்து பாத்தேன். அவனும் கூடவே பட்டினி கெடந்தான், அத எப்படிங்க பாக்கறது? வித்துடலாம்னு சொன்னேன். அப்பா குடுத்ததும்மான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டான். ரேணுகாம்பா கோயிலுக்குப் போயி மாவிளக்கு போட்டேன். பூசாரி, எந்தக் கொறையும் வராதும்மான்னு துண்ணூறு குடுத்தாரு. அவருக்கென்ன, சோழவரத்துக்கு அவரா போறாரு.

ஒரே ஒரு விசயத்துலதான் என் பேச்சு அவன்கிட்ட எடுபடும். ரோட்டுல நான் நின்னா நிறுத்திடுவான். எவ்ளோ வேகத்துல வந்தாலும் சரி. வெளிய போயிட்டு வர்றப்ப தெருமுனையில நான் நிக்கறேன்னு வைங்க, தூரத்துல இருந்தே பாத்துடுவான். பாஞ்சிகினு வந்து என் பொடவக் கொசுவத்துக்கு ஒரு சாணு முன்னாடி டக்குனு நிறுத்துவான். நிறுத்திட்டு, பயந்துட்டியாம்மான்னு சிரிப்பான். பயப்படலடா, நீ நிறுத்துவேன்னு தெரியும்டான்னுவேன். மெய்யாலுமே பயம் இருக்காதுங்க. எனக்கு முன்னாடி இருக்கற வரைக்கும் பயம் இல்ல. என் கண்ணு மறவா போறப்பதான் உசுரு கையில வந்துடுது.

சரி, நீங்க இன்னும் சரின்னு சொல்லல. உங்களுக்கு எல்லாத்தையும் அவுத்து சொன்னாத்தான் புரியும்போல இருக்குது. சொல்லிடறேன். சொன்னதுக்கு அப்பறம் என்னத் திட்டினாலும் சரி, காறித் துப்பினாலும் சரி.

தை மாசம் ஒரு நாளு காலையில வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு உங்களக் கூட்டிகினு வந்தான், ஞாபகம் இருக்குதா? செல்ஃபு சுத்துது, இன்ஜின் புடிக்க மாட்டேங்குது. பிளக்க கழட்டி வச்சி பாத்தீங்க, நெருப்பே வரல. அப்பறம் காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற தடி ஒயரு, அது வெளிய வந்து சும்மா தொங்கிகினு இருந்துது. குலுக்கல்ல கழண்டுட்டு இருக்கும்னு சொல்லி செருகிட்டுப் போயிட்டீங்க. குலுக்கல் இல்லீங்க அது. நான்தான்.

சிரிக்காதீங்க மேஸ்திரி. சிரிக்கற நெலமையிலயா நான் இருக்கறேன்.

அது எப்படித் தெரிஞ்சிதுன்னா, நீங்க சொல்லித்தான் தெரிஞ்சிது. ஒவ்வொரு தபாவும் மோரு குடுக்கற சாக்குல வந்து நின்னு, இது இன்னா, அது இன்னான்னு கேப்பேன் இல்ல? நீங்களும் யாரும் உங்ககிட்ட அப்படிக் கேட்டதில்லன்னு ஆசையா சொல்லுவீங்க. இது பாயிண்டும்மா, இது கண்டன்சரு, இதுல இருந்துதான் நெருப்பு போவுதுன்னு. நான் தறிக்காரன் பொண்ணுங்க. ஒரு இழை எங்க கெளம்பி எங்க போயி சேருதுன்னு பாக்கறது எனக்குத் தண்ணி பட்ட பாடு. அந்த வண்டிக்குள்ள ஓடற ஒயரெல்லாம் எனக்கு பாவு மாதிரிதான் தெரிஞ்சிது. பாவுல எந்த இழை அறுந்தாலும் நெசவுக்காரன் தறிய நிறுத்தித்தான் ஆவணும். இதுவும் அப்படித்தான்னு புரிஞ்சிகினேன். ஏதாவது ஒண்ண அவுத்துட்டா போதும், நின்னுடும்.

ஆனா நீங்க வுடறீங்களா? வந்தீங்க, பாத்தீங்க, செருகினீங்க. வண்டி ஓடிப் போச்சி.

அதுக்கு அடுத்ததுதான் அந்த பேட்டரி பேஜாரு. ராத்திரி நல்லா இருக்குது, காலையில பாத்தா பேட்டரி செத்துக் கெடக்குது. நீங்க சார்ஜ் போட்டுக் குடுப்பீங்க, மறுநாளு திரும்பியும் அதே கதி. டைனமோவக் கழட்டி கார்பன் மாத்தினீங்க. சார்ஜ் ஏத்தற கட்டவுட்டு பெட்டிய சொரண்டினீங்க. பாயிண்டு கருகிப் போச்சின்னு அதையும் மாத்தினீங்க. எனக்கே பாவமா இருந்துது, சோறு தண்ணி இல்லாம அந்த வண்டிக்குள்ள தலையக் கவுத்துகினு கெடந்தீங்க. கடைசியில பேட்டரி ஒயரக் கழட்டி நடுவுல ஒரு பல்ப வச்சி தொட்டுப் பாத்தீங்க. சாவிய எடுத்ததுக்கு அப்பறமும் பல்பு எரிஞ்சிது. எங்கியோ கரண்டு கசியுதுன்னு அப்பத்தான் புடிச்சீங்க. பியூஸ ஒண்ணொண்ணா புடுங்கினீங்க, பல்பு அணைஞ்சி போச்சி. பாத்தா பியூஸு பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு ஆணிக்கும் நடுவுல ஜரிகத் துண்டு.

பொடவ எடுத்துகினு போறப்ப பிரிஞ்சி வுழுந்திருக்கும், பட்டு ஊருல இதெல்லாம் சகஜம்னு நீங்களே சொல்லிட்டீங்க. நாலு இழைய சேத்து முறுக்கி, கண்ணுக்குத் தெரியாம அத ரெண்டு ஆணியிலயும் சுத்தி வச்சவ நான் மேஸ்திரி. அசல் வெள்ளி ஜரிக. முகூர்த்தப் பொடவைக்கு வாங்கி வச்சது. அதுல கை வெக்கறப்ப கன்னத்துல போட்டுகினேன், லட்சுமியாச்சே. நீங்க என்னடான்னா அத ஊதிவுட்டுட்டு, கெடச்சிடுச்சி பழனின்னு கத்தறீங்க. எனக்கு உங்க மேல வந்த கோவம் இருக்குதே. இந்த ஆளு கொஞ்சம் மட்டமான மேஸ்திரியா இருக்கக் கூடாதான்னு உள்ள போயி அழுதேன்.

அப்பறம் பாவுக்குப் போடற கஞ்சி. ஆமா, அதுவும்தான். வடிகட்டி, ஆற வச்சி, பெட்ரோல் டேங்குல ஊத்திட்டேன். தேசூரு தாண்டி போறப்ப வண்டி விக்கி விக்கி நின்னு போச்சி. அவனும் ராமதாசும் அத மாட்டு வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துகினு வந்தாங்க. ஊரே கை கொட்டிச்சி. எனக்கு மட்டும் அன்னிக்கு தீவாளி. நீங்க டேங்க கழட்டி ஊத்தி, ஜெட்ட எல்லாம் ஊதி, பெட்ரோல்ல தண்ணி கலந்து குடுத்திருக்கறான்னு சொன்னீங்க. இவன் போயி பங்க்காரன் சட்டையப் புடிச்சிட்டான். அந்த மனுசன் குடும்பத்து மேல சத்தியம் பண்ணி அழுதானாம். அந்தப் பாவம் என் தலமேலதான். எந்தப் பாவம் வேணா என் தலமேல வரட்டும்.

அதனாலதான் சொல்றேன், என்ன வெளையாட்டுக்காரின்னு நெனைக்காதீங்க. நான் அவுப்பேன், நீங்க பூட்டுவீங்க, அவன் போவான். எத்தினி நாளைக்குங்க இது? உங்க கையில வித்த இருக்குது. என் கையில ஒண்ணியும் இல்ல. உங்க காலுல வுழுவணும்னாலும் வுழறேன். வயசுல நான் மூத்தவ, இருந்தாலும் வுழறேன். எனக்கு இருக்கறது அந்தப் புள்ள ஒண்ணுதான் மேஸ்திரி. ஞாயித்துக்கெழம ஒரு நாளு போயிடுச்சின்னா அடுத்த ரேஸு அடுத்த வருசம்தான். அதுக்குள்ள ஒரு கால்கட்டு போட்டுடுவேன். பொண்ணு பாத்து வச்சிருக்கறேன். வயித்துல ஒண்ணு தங்கிச்சின்னா அவனுக்கே பயம் வந்துடும்.

சொல்றீங்களா? நெசமாவா? சாமான் வரணும்னு சொல்லிடுவீங்களா? நல்லா இருப்பீங்க. உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கும். இருங்க, கண்ண தொடச்சிக்கறேன்.

இந்தத் தபா இன்னா பண்ணேன்னு கேக்கறீங்களா? சொல்ல மாட்டேன். சொன்னா உங்க கை சும்மா இருக்காது. ஒயரு கியரு ஒண்ணியும் தொடல, அது மட்டும் சொல்றேன். ஒயருன்னா நீங்க பல்ப வச்சிகினு மோப்பம் புடிச்சிடறீங்க. வேணாம்னுதான் இந்தத் தபா வேற வழி.

இதுவா? கறைங்க. காலையில பட்டது. சீக்கா போட்டுத் தேச்சேன், போவ மாட்டேங்குது. முந்தானையெல்லாம் ஆயிடுச்சி. ஐய, வாயப் புடுங்கிட்டீங்களே. பெட்ரோலுதான். பின்னாடி டேங்குல இருந்து இன்ஜினுக்குப் போற பெட்ரோலு குழாய அவுத்து வுட்டுட்டேன். போதுமா?

காயுமா? பெட்ரோலு பட்டா ஒடனே காஞ்சிடுமா? இல்லீங்களே, விடிஞ்சதுல இருந்து இது பிசுபிசுன்னுதானே இருக்குது. வாசனையா? எனக்கு எங்கங்க வாசன தெரியும். எங்கப்பாவுக்கு சாயப் பட்டறை. சின்னதுல இருந்தே அந்த ஆவியில நின்னு நின்னு இந்த மூக்கு என்னிக்கோ செத்துப் போச்சி. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணையும் ஒண்ணுதான் எனக்கு.

இன்னாங்க இது, கையப் புடிச்சி மோந்து பாக்கறீங்க. வுடுங்க, ரோட்டுல போறவங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க. வெளக்கெண்ண வாடையா? நான் எதுக்குங்க வெளக்கெண்ணையத் தொடப் போறேன்?

சொல்றேன், சொல்றேன், அதட்டாதீங்க. அவன் குளிக்கப் போயிருந்தான். டூல்ஸு பைய எடுத்துகினு வண்டிக்கு அடியில, பின்பக்கமா, நீங்க படுக்கற மாதிரியே மல்லாக்க படுத்தேன். கஞ்சி ஊத்தினப்ப நீங்க கழட்டின பெட்ரோலு குழாயத்தான் மொதல்ல புடிச்சேன். அது அசைஞ்சி குடுக்கல. நீங்கதான் இறுக்கி வச்சிருக்கறீங்களே. பக்கத்துலயே சின்னதா இன்னொண்ணு, வெரல்ல பாதி கூட இல்ல, கூடவே ஓடி வந்து பின் சக்கரத்துப் பக்கம் பிரியுது. அதுவும் இன்ஜின் பக்கத்துல இருந்துதான் வருது. எல்லாம் ஒரே பாவுதானே, எந்த இழைய அவுத்தா இன்னான்னு அத திருகினேன். மெதுவா அசைஞ்சிது. சொட்டு சொட்டா வந்துது. கீழ வுழுந்து கறை தெரியக் கூடாதுன்னு முந்தானையால புடிச்சேன். எப்படியும் இந்நேரத்துக்கு எல்லாம் சொட்டி முடிஞ்சிருக்கும்.

ஏங்க எழுந்துட்டீங்க? மூஞ்சி ஏன் இப்படி ஆவுது?

இருங்க. அது இன்னா சத்தம்? தெருப்பக்கம். நம்ம தவளச் சத்தம் மாதிரி இல்ல? எப்படிங்க ஸ்டார்ட் ஆச்சி? ஆவாதுன்னு நெனைச்சிகினு இருக்கறேன், எப்படி ஆச்சி? ஐயோ, கெளம்பிட்டானே. ஒத்திகைக்குப் போறேன்னு ராமதாஸ்கிட்ட சொல்லிகினு இருந்தான். முனையில திரும்பிட்டான், சத்தம் பெருசாவுது பாருங்க. இந்த வழியாத்தான் வருவான்.

நீங்க எங்க ஓடறீங்க? நீங்க நின்னு கைய ஆட்டினா நிறுத்த மாட்டான், குஷியா ஆட்டறீங்கன்னு அவனும் கைய ஆட்டிட்டுப் போயிடுவான். நவுருங்க. நான் போறேன். நடுரோட்டுல போயி நிக்கறேன். என்னப் பாத்தா நிறுத்திடுவான். ஏன் என்ன இழுக்கறீங்க? கைய வுடுங்க மேஸ்திரி, இத்தினி நாளும் எனக்கு நிறுத்தியிருக்கறான், இன்னிக்கு மட்டும் ஏன் நிறுத்த மாட்டான்? இன்னாது? அந்த வெளக்கெண்ண வாடை எண்ண, அந்தச் சின்னக் குழாயில எதுக்குப் போவுதுன்னீங்க?

பிரேக்குக்கா?

அப்ப அவன் எதப் போட்டுங்க நிறுத்துவான்?